ஏட்டில் உள்ளதை எண்ணாக்கும் கருவி எது?

வன்னி மண்ணிலே ஒரு கடதாசிக்கு உள்ள மதிப்பைப் பிற இடத்தார் எளிதில் உணரமாட்டார். காணி அனுமதிப்பத்திரம், பிறப்பத்தாட்சிப் பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றைப் பொலித்தீன் உறையிலே சுற்றிக்கொண்டு இடம்விட்டு இடம் பெயர்ந்த குடும்பங்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மிகப் பல. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் ஓய்ந்தபோது, வீடும் மாடும் இழந்தவரைப் போலவே பத்திரங்களை இழந்தவரும் பலராய் இருந்தனர். வீட்டைத் திரும்பக் கட்டலாம். மாட்டைத் திரும்ப வாங்கலாம். 'இக்காணி இன்னாருடையது' என்று சொல்லும் ஏடு போய்விட்டாலோ, அதன் பிரதி எங்கேனும் ஓர் அலுமாரியில் இருந்தாலன்றி மீட்பு இல்லை.

ஆதலால் எஞ்சியிருக்கும் ஏடுகளைப் படம்பிடித்துக் கணினியிற் சேர்க்கும் பணியில் நம்மவர் பலர் ஈடுபட்டு வருகின்றனர். 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் சாம்பலான கொடுமையைக் கண்ட சமுதாயம் இது. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய 'நூலகம்' எனும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பெருந்தொகையாகப் படமாக்கிக் காத்து வருவதை வாசகர்கள் அறிவார்கள். எனினும், படம் பிடிப்பதோடு பணி முடிந்துவிடுமா? 'ஆவணங்களை அட்டவணையாக்கித் தரும் கருவிகள் இலவசமாகவே பல கிடைக்கின்றனவாமே, அவற்றுள் எதைத் தெரிவது?' என்று மாணவர் பலர் இந்நாளில் வினவுகின்றனர். இவ்வாரம் அவ்வினாவையே எடுத்துக்கொள்வோம்.

படம் வேறு, தரவு வேறு

குளக்கட்டிலே நாள்தோறும் மழை அளந்து எழுதிய பழைய பதிவேடு ஒன்று நம் கையிலே இருப்பதாகக் கொள்வோம். அதனைப் படம்பிடித்தால் கண்ணால் வாசிக்கலாம். ஆனால் 'ஐப்பசி மழை பிந்திய ஆண்டுகள் எவை?' என்று அப்படத்தைக் கேட்டால் அது வாய் திறவாது. படத்திலுள்ள எழுத்துகளைக் கணினி எழுத்தாக மாற்றினால், ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். அது இரண்டாம் படி. 'இது திகதி, இது மழையளவு, இது குளத்தின் நீர்மட்டம்' என்று ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய கட்டத்திலே அமர்த்திவிட்டால், அப்பொழுதுதான் ஏடு நம் கேள்விகளுக்கு விடை சொல்லும். இம்மூன்றாம் படியையே கட்டமைந்த தரவு என்கின்றோம். சூடு மிதித்த நெல்லைத் தூற்றிப் பதர் நீக்கி, இனம் பிரித்துச் சாக்கிலே கட்டுவது போன்றது இது. களத்திலே குவிந்து கிடக்கும் மட்டும் நெல்லுக்குக் கணக்கு இல்லை.

இதனாற் பயன் என்ன என்று கேட்பார்க்கு ஓர் உதாரணம் காட்டுவோம். இலங்கையிலே 1871 ஆம் ஆண்டு முதல் குடிசன மதிப்பீடு நடைபெற்று வருகின்றது. 1981 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய மதிப்பீடு 2012 ஆம் ஆண்டிலேதான் நடந்தது. 2001 ஆம் ஆண்டின் மதிப்பீடு வடக்கிலும் கிழக்கிலும் முழுமை பெறவில்லை. ஆகவே வன்னி மக்களின் தொகைக் கணக்கிலே 31 ஆண்டு இடைவெளி ஒன்று விழுந்துள்ளது. 2012 இல் கிளிநொச்சி மாவட்டத்திலே ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம் பேரும், முல்லைத்தீவிலே 92 ஆயிரம் பேரும், வவுனியாவிலே 1 இலட்சத்து 72 ஆயிரம் பேரும் இருந்தனர். இத்தொகையை 1981 ஆம் ஆண்டுத் தொகையோடு ஒப்பிட விரும்பும் மாணவன் உடனே ஒரு முட்டுக்கட்டையைச் சந்திப்பான். கிளிநொச்சி 1984 ஆம் ஆண்டிலேதான் தனி மாவட்டமாயிற்று. 1981 இல் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. முல்லைத்தீவு மாவட்டம் உருவானது 1978 இல். 1971 ஆம் ஆண்டு மதிப்பீட்டு நூலிலே அப்பெயரில் ஒரு மாவட்டமே இராது. எனவே பழைய அச்சு நூலின் சிறு பிரிவுகளை ஒவ்வொன்றாய் எடுத்து, இன்றைய எல்லைக்கு ஏற்பக் கூட்டிப் பார்க்கவேண்டும். நூல் படமாக மட்டும் இருந்தால் அது வாரக்கணக்கான வேலை. அட்டவணையாய் இருந்தால் ஒரு மாலைப்பொழுதிலே முடியும். எத்தனை பேர் போயினர், எத்தனை பேர் மீண்டனர் என்னும் கேள்விக்கு விடை இத்தகைய கூட்டலிலே தங்கியுள்ளது.

திறந்த மூலம் என்றால் என்ன?

ஒரு மென்பொருளின் உள்ளமைப்பை எவரும் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தந்து வெளியிடுவதைத் திறந்த மூலம் என்பர். இலவசம் என்பது அதன் சிறப்புகளுள் ஒன்று மட்டுமே. செய்தவர் கைவிட்டாலும் நாம் கைவிடப்படமாட்டோம் என்பதும், நம் மொழிக்கு ஏற்ப நாமே அதைத் திருத்தலாம் என்பதும் அதனினும் பெரிய நன்மைகள். இவ்வழியிலே நம் நாடு உலகிற்கு வழிகாட்டியதும் உண்டு. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையையும் நாட்டின் பிற கரைகளையும் அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து கணக்கு வைக்க இலங்கை மென்பொருளாளர்கள் 'சகானா' என்னும் திறந்த மூல மென்பொருளைச் சில வாரங்களிலேயே ஆக்கினர். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010 இல் எயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அதே மென்பொருள் கைகொடுத்தது.

ஆவணங்களைத் தரவாக்கும் துறையிலும் அத்தகைய கருவிகள் பல உள. மிகப் பழையது 'டெசரக்ட்' என்னும் எழுத்துணரி. எச்.பி. நிறுவனத்தார் 1985 முதல் 1994 வரை இதனை உருவாக்கி, 2005 இல் திறந்த மூலமாக வெளியிட்டனர். 2006 முதல் கூகிள் நிறுவனம் அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது. 2018 இல் வெளிவந்த நான்காம் பதிப்பு நரம்பு வலையமைப்பு முறையைக் கைக்கொண்டது. தமிழுக்கான பயிற்சித் தரவும் இதற்கு உண்டு. சாதாரண கணினியிலே, இணைய இணைப்பு இன்றியே இயங்கும்.

அண்மையிலே வந்தது 'டொக்லிங்'. சுவிற்சர்லாந்திலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்தார் 2024 இல் இதனை வெளியிட்டனர். இது பக்கத்தின் அமைப்பை நோக்கி, தலைப்பு எது, பந்தி எது, அட்டவணை எது என்று பிரித்து, அட்டவணையின் வரிசைகளையும் நிரல்களையும் மீட்டுத் தருவது. எழுத்துகளை இனங்காண அது டெசரக்ட் போன்ற வேறொரு கருவியையே துணைக்கு அழைக்கின்றது என்பதை மாணவர் கவனிக்கவேண்டும். 'டபியூலா' என்பது, எழுத்துகள் ஏற்கனவே உள்ள பி.டி.எப். கோப்புகளிலிருந்து அட்டவணைகளை மட்டும் எடுத்துத் தரும் எளிய கருவி. படமாய் உள்ள பக்கத்திலே அது பயன்படாது. இவற்றுக்கு அப்பால், பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் வாசித்து எழுதும் பெரிய மொழி மாதிரிகளும் வந்துள்ளன. 2025 இல் அமெரிக்காவின் அலன் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஓல்மோ' எழுத்துணரி 700 கோடி அளவுருக்கள் கொண்டது. அதனை இயக்க விலையுயர்ந்த வரைகலை அட்டை வேண்டும்.

தமிழேட்டின் தனித் தொல்லைகள்

இக்கருவிகளின் புகழைக் கேட்டு மயங்குவதற்கு முன்னர், நம் ஏடுகளின் இயல்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும். நோய் அறியாது மருந்து தேடுவது மதியன்று.

முதலாவது தொல்லை எழுத்துரு. இலங்கையிலே அலுவலகங்களும் அச்சகங்களும் நீண்டகாலமாய்ப் 'பாமினி' என்னும் எழுத்துருவையே கையாண்டன. இன்றும் பல இடங்களில் கையாள்கின்றன. அதிலே 'அம்மா' என்று நாம் காண்பது, கணினியின் நினைவிலே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே பதிந்திருக்கும். அத்தகைய பி.டி.எப். கோப்பை எந்தப் பெரிய கருவியிடம் கொடுத்தாலும், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே வெளிவரும். இலக்கங்கள் மட்டும் இலக்கங்களாகவே தப்பிவிடும். அதனால் 'வேலை நன்றாக நடந்தது' என்று ஏமாறுவதும் உண்டு. இதற்கு எழுத்துணரி தேவையே இல்லை. ஒவ்வொரு குறிக்கும் உரிய தமிழெழுத்தை மாற்றிவைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்று போதும்; அது பிழையின்றிச் செய்யும். ஆயினும் ஒரே பக்கத்திலே உண்மையான ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால், அவையும் தமிழாக மாறிக் கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு எழுத்தும் எந்த எழுத்துருவில் உள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்லும் கருவி வேண்டும். 'பி.டி.எப். பிளம்பர்' என்னும் திறந்த மூலக் கருவி அதனைச் சொல்லும்.

இரண்டாவது தொல்லை பழைய எழுத்துவடிவம். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் முன்னாளிலே கூட்டெழுத்துகளாய் அச்சிடப்பட்டன. தமிழ்நாட்டிலே 1978 ஆம் ஆண்டின் அரசாணைக்குப் பின்னரே இன்றைய வடிவம் பரவலாயிற்று. இக்கால எழுத்துருக்களைக் கொண்டு பயின்ற எழுத்துணரி, நம் பாட்டனார் காலத்து ஏட்டிலே தடுமாறுவது இயல்பே.

மூன்றாவது தொல்லை பக்க அமைப்பு. டொக்லிங் கருவி பக்கங்களைப் பிரிக்கக் கற்றுக்கொண்ட தொகுதிகளுள் முக்கியமான ஒன்று, மனிதர்கள் கையாற் குறியிட்ட 80,863 பக்கங்களைக் கொண்டது. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆங்கிலப் பக்கங்கள். எஞ்சியவற்றிற் பெரும்பகுதி யேர்மன், பிரெஞ்சு, யப்பானிய மொழிகளுக்குரியவை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே கட்டத்துள் தலைப்பெழுதும் நம் அரசாங்கப் படிவங்களை அது அங்கே கற்றிருக்கமாட்டாது. இதனால் அக்கருவி தீயது என்று சொல்லவில்லை. அயலூரில் வளர்ந்த மாட்டை நம் வயலில் ஏர் பூட்டும்போது, சில நாள் பார்த்தே பூட்டவேண்டும் என்கின்றோம்.

தெரிவுசெய்யும் முறை

ஆகவே, கருவியின் பெயரிலிருந்து தொடங்காது, கையிலுள்ள ஏட்டிலிருந்து தொடங்குவதே முறை. ஏடுகளை நான்கு குவியலாகப் பிரிக்கலாம். யூனிக்கோட் எழுத்துள்ள பி.டி.எப். கோப்பு ஒரு குவியல், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்பு இன்னொன்று, அச்சுப் பக்கத்தின் படம் மூன்றாவது, கையெழுத்து நான்காவது. முதலாவதற்கு டபியூலாவோ டொக்லிங்கோ போதும். எனினும் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி வருகின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு எழுத்துரு மாற்றியே வழி. மூன்றாவதற்கு டெசரக்டும், அட்டவணை உளதாயின் அதனோடு டொக்லிங்கும் ஏற்றன. நான்காவதற்கு, அதாவது தமிழ்க் கையெழுத்துக்கு, ஏட்டை வாசிக்கத் தெரிந்த ஒரு முதியவரும் தட்டெழுதத் தெரிந்த ஓர் இளைஞரும் அருகருகே அமர்ந்து செய்யும் வேலைக்கு ஈடாக நாம் நம்பிச் சொல்லத்தக்க கருவி இல்லை.

அடுத்து, உரிமத்தைப் படித்தல் வேண்டும். டெசரக்ட் அப்பாச்சி உரிமத்திலும் டொக்லிங் எம்.ஐ.ரி. உரிமத்திலும் வெளிவந்துள்ளன, இரண்டும் பெரிதும் தாராளமானவை. சில கருவிகளிலே நிரலுக்கு ஓர் உரிமமும், அது பயின்று பெற்ற மாதிரிக்கு வேறோர் உரிமமும் இருக்கும். வாசலிலே 'திறந்த மூலம்' என்று எழுதியிருந்தாலும், உள்ளறை பூட்டியிருக்கின்றதா என்று பார்த்தே புகவேண்டும்.

மூன்றாவது, நம்மிடமுள்ள கணினி எதைத் தாங்கும் என்பது. பாடசாலைக் கணினியறையிலே வரைகலை அட்டை இராது. மின்சாரமும் சிலவேளை நின்றுவிடும். ஒரு பக்கத்துக்குச் சில நிமிடம் எடுத்தாலும், நின்ற இடத்திலிருந்து மீளத் தொடங்கக்கூடிய எளிய கருவி, ஓடாத பெரிய கருவியினும் மேலானது.

நான்காவது, அளந்து பார்த்தல். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. குவியலிலிருந்து நல்லதும் மங்கலுமாய் இருபது பக்கங்களை எடுத்து, முதலிற் கையால் பிழையறத் தட்டெழுதுக. பின்னர் ஒவ்வொரு கருவியிடமும் அதே இருபது பக்கங்களைக் கொடுத்து, இரண்டையும் ஒப்பிடுக. 'நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சரி' என்று கேட்க இனிக்கும். ஆனால் 2000 எழுத்துள்ள ஒரு பக்கத்திலே அது 40 பிழை. எண்களிலே நிலை இன்னும் கடிது. ஓர் இலக்கத்துக்கு நூற்றுக்கு ஒன்று பிழை என்றால், நான்கு இலக்கமுள்ள எண்கள் நூறு இருக்கும் பக்கத்திலே ஏறத்தாழ நான்கு எண்கள் பொய்யாகிவிடும். சொல்லிலே விழுந்த பிழையைக் கண் பிடிக்கும். எண்ணிலே விழுந்த பிழை மெய்போலவே நிற்கும்.

இதற்கு நம் கணக்கப்பிள்ளைமார் அறிந்த மருந்தே மருந்து. அட்டவணையிலே நெடுக்குக் கூட்டுத்தொகையும் குறுக்குக் கூட்டுத்தொகையும் அச்சிடப்பட்டிருக்கும் அல்லவா? கருவி தந்த எண்களைக் கணினியாலேயே கூட்டி, அத்தொகைகளோடு ஒப்பிடுக. நெடுக்கிலே ஒன்றும் குறுக்கிலே ஒன்றும் ஒவ்வாது நின்றால், அவை சந்திக்கும் கட்டமே பிழையுள்ள கட்டம். அதை மட்டும் மூலப் படத்திலே பார்த்துத் திருத்தினாற் போதும்.

எச்சரிக்கை இரண்டு

முதலாவது, சரளமாக எழுதும் கருவியைச் சற்று ஐயத்தோடு நோக்குக. பழைய எழுத்துணரி வாசிக்க முடியாத இடத்திலே குழம்பிய எழுத்துகளைக் கக்கிவிடும். அதனால் பிழை பளிச்செனத் தெரியும். பெரிய மொழி மாதிரிகளோ, மங்கிய இடத்தைப் பொருத்தமான சொல்லால் நிரப்பிவிடக் கூடியன. கதையென்றால் போகட்டும். காணிப் பதிவேட்டிலே கந்தையாவின் பெயர் மங்கியிருக்க, அங்கே கனகையா என்று அழகாக எழுதிவிட்டால் என்னாகும்? 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றுக் குடியேறிய விவசாயிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வன்னியெங்கும் வாழ்கின்றனர். அவர்களது உரித்து ஒரு பெயரிலும் ஒரு துண்டிலக்கத்திலும் தங்கியிருக்கின்றது. வெறுமையாய் விட்ட கட்டம் நம்மைத் தேடத் தூண்டும். பொய்யாய் நிரம்பிய கட்டம் தேடலையே நிறுத்திவிடும். ஆதலால் தரவின் ஒவ்வொரு வரியோடும் அதன் மூலப் பக்கத்தின் எண்ணைச் சேர்த்து வைக்கும் கருவியையே தெரிக. படத்தை ஒருபோதும் அழித்துவிடாதீர். தரவு வாசிக்கும் வசதிக்கு, சாட்சி படமே.

இரண்டாவது, பிறர் இரகசியம். குடும்ப அட்டை, அடையாள இலக்கம், காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடு, மருத்துவக் குறிப்பு என்பன அயலாருக்குக் காட்டத்தக்கன அல்ல. இலவசம் என்ற காரணத்தால் அவற்றை யாரோ ஒருவரின் இணையத்தளத்திலே ஏற்றிவிடுவது பெருந்தவறு. இலங்கைப் பாராளுமன்றமும் 2022 ஆம் ஆண்டிலே 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. நம் கணினியிலேயே, இணையம் துண்டித்த நிலையிலேயே இயங்கவல்ல திறந்த மூலக் கருவியின் உண்மைப் பெருமை இவ்விடத்திலேதான் விளங்குகின்றது. ஏடு வீட்டைவிட்டு வெளியே போகாமலே வேலை முடிகின்றது.

நாம் சொல்லும் முடிவு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ உள்ள ஒரு பாடசாலைக் கழகமோ கிராமச் சங்கமோ இப்பணியைத் தொடங்க விரும்பின், நாம் சொல்லும் ஆலோசனை இதுவே. அச்சேட்டுக்கு டெசரக்டிலே தொடங்குக. அட்டவணை மிகுந்திருந்தால் டொக்லிங்கைச் சேர்த்துக்கொள்க. பாமினிக் கோப்புக்கு எழுத்துரு மாற்றியை நாடுக. கையெழுத்துக்கு மனிதரை நம்புக. பெறும் விளைவை எந்தக் கணினியும் திறக்கவல்ல சி.எஸ்.வி. அட்டவணையாய்ச் சேமிக்க. பெரிய மாதிரிகளைப் பின்னர் சோதித்துப் பார்க்கலாம். அவை ஆண்டுக்கு ஆண்டு மாறிவருவன. இருபது பக்கச் சோதனைத் தொகுதி ஒன்று கைவசம் இருந்தால், எந்தப் புதுக் கருவி வந்தாலும் ஒரே மாலையில் அதன் தரத்தை அறிந்துவிடலாம். கருவிகள் மாறினும் அத்தொகுதி மாறாச் சொத்தாய் நிற்கும்.

எடுக்கத்தக்க ஏடுகளும் நம்மைச் சுற்றி நிறைய உண்டு. பாடசாலைச் சம்பவத் திரட்டு, கூட்டுறவுச் சங்கப் பேரேடு, கோயிற் கணக்கு, கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பு ஆகியன கறையான் வாய்க்குக் காத்துக் கிடக்கின்றன. இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை ஆண்டுதோறும் குளத்து நீரைப் பார்த்தே தீர்மானிக்கின்றனர். ஐம்பது ஆண்டு நீர்மட்டமும் விதைத்த ஏக்கரும் பக்கம் பக்கமாய் ஓர் அட்டவணையில் நின்றால், அக்கூட்டத்திலே எழும் வாதங்களிற் பாதி எண்களாலேயே தீர்ந்துவிடும். கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இருக்கின்றது. 2021 முதல் வவுனியாவிலே தனிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. கற்றோர் உளர், கருவிகள் உள, ஏடுகளும் இன்னும் சில உள.

மாணவர்களே, பெரிய திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இவ்விடுமுறையிலே, உரியவரின் அனுமதியோடு, ஓர் ஏட்டின் ஒரு பக்கத்தை எடுத்து அட்டவணையாக்கிப் பாருங்கள். அதன் கூட்டுத்தொகை சரியாய் வந்து நிற்கும்போது, அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை தானே நீளும்.